பதினாறு காவலருக்கு என்ன நடந்தது

சிறைக்குள் போய்ப் படிப்பிக்க வேண்டிய ஆள் நானில்லை. எங்கள் இறையியல் கல்லூரி கைதிகளுக்கென்று ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பொன்றைத் தொடங்கியபோது, அதற்கு ஒரு போதகரைத்தான் நியமித்திருந்தார்கள். ஆறடி உயரம், கூரையை அதிரவைக்கும் குரல், எவருக்கும் பயப்படாத சுபாவம். வகுப்புத் தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது அவர் தன் வீட்டு மாமரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். ஒரு போதகர் மாமரத்தில் எதற்கு ஏறினார் என்பதற்கு இன்றுவரை மூன்று விளக்கங்கள் உண்டு. மூன்றும் அவரே சொன்னவை.

கல்லூரி அதிபர் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், புதன்கிழமை பின்னேரம் உங்களுக்கு வகுப்பில்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். யோசிக்காமல் சொன்ன அந்த ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிட்டது.

நான் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. பதினேழு வருடமாக வேதாகமம் படிப்பிக்கிறேன் என்றாலும் என் குரல் மூன்றாவது வரிசைக்கு அப்பால் போகாது. ஸ்கூட்டிக்குக் குறுக்கே பூனை ஓடினால் நிற்பாட்டிவிட்டு, நெஞ்சு படபடப்பு அடங்கும்வரை வேலியோரம் நிற்கிற ரகம். அதைவிடப் பெரிய குறையொன்றும் உண்டு. அது பஞ்சி, சோம்பல். புதுப் பாடம் தயாரிக்கப் பஞ்சிப்பட்டு, அலுமாரியில் தயாராக இருந்த ஒரு பாடக் கோவையைத் தூக்கிக்கொண்டேன். ஆதிச் சபையின் வரலாறு. முதல் சீடர்கள் என்ன செய்தார்கள், எங்கெங்கே போனார்கள், யார் அவர்களைப் பிடித்து எங்கே அடைத்தார்கள். கடைசியாகச் சொன்னதைப் பற்றி நான் அப்போது கொஞ்சமும் யோசிக்கவில்லை. வருடா வருடம் படிப்பிக்கிற பாடம். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

முதல் நாள் சிறை வாசலில் என் பையைச் சோதித்தவர் ஒரு காவலர். இணுவில்காரர், ஐம்பதைத் தாண்டியவர். நெற்றியில் திருநீறு, அதற்குமேல் மட்டம் வைத்ததுபோல் தொப்பி, சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. கைத்தொலைபேசி, குடை, நகவெட்டி, ஒரு பக்கெற் டொபி எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதினார். டொபி எத்தனை என்றும் எண்ணினார். பிறகு நான் கொண்டுபோன சுருளை விரித்தார். மத்தியதரைக் கடல் மேசை முழுக்கப் பரந்தது.

"உதென்ன, மிஸ்?"

"பவுல் பயணம் போன இடங்களின்ரை படம்."

"வழியெல்லாம் சிவப்பாலை கீறியிருக்கு."

"ஓம். அவர் போன பாதை."

"கடல்வழியும் கிடக்கு. உள்ளை வழிப்படம் கொண்டு போகேலாது, மிஸ்."

"இது துருக்கி, கிரேக்கம், இத்தாலி. இஞ்சையிருந்து எவ்வளவு தூரம் தெரியுமோ?"

காவலர் படத்தைச் சுருட்டி ரப்பர் வளையத்தைப் போட்டார். "எங்கடை ஆக்கள் எங்கையெண்டாலும் போவினம்" என்றார்.

அதுவும் சரிதான். என் சொந்தத் தம்பி நோர்வேயில் இருக்கிறான்.

வகுப்பில் ஏழு பேர். விதியின்படி ஒரு காவலரும் அறைக்குள் இருக்க வேண்டும். படத்தைப் பறித்த அதே காவலரே கதவோரம் கதிரை போட்டு உட்கார்ந்தார். மதம் மாற்ற மாட்டேன் என்று நான் ஏற்கெனவே கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தேன். அது தேவைப்பட்டிருக்காது என்பது அறிமுகம் செய்யச் சொன்னபோதே விளங்கிவிட்டது.

முதலில் எழுந்தவர் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளி. நாற்பது வயதிருக்கும், கயிறு இழுத்து இழுத்துத் தடித்த கைகள். வள்ளத்தில் மீனோடு இருந்திருக்கக் கூடாத வேறு சாமான்களும் இருந்ததென்று பிடிபட்டவர். "நான் முருகனை விட்டு மாறமாட்டன், மிஸ். இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார்.

"அப்ப ஏன் வகுப்புக்குச் சேர்ந்தனீங்கள்?"

அவர் தலைக்குமேல் காட்டினார். அங்கே ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. கைதிகள் போகக்கூடிய இடங்களில் மின்விசிறி வேலை செய்வது அந்த அறையில் மட்டுந்தானாம்.

அடுத்தவர் மோட்டார் சைக்கிள் திருடியவர். ஒல்லியான, சிரித்த முகம். "நான் அவ்வளவு வேகமா ஓடுறதில்லை, மிஸ். அதாலைதான் பிடிபட்டனான்" என்று அடக்கமாகச் சொன்னார். மூன்றாமவர்தான் வகுப்பிலிருந்த ஒரே கிறிஸ்தவர். பாடம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் நித்திரையாகி, ஆறு மாதமும் ஏறக்குறைய அப்படியே இருந்தார். மற்ற நான்கு பேரும் நல்ல மனிதர்கள்; சிரிப்பார்கள், உட்கார்கிற மர வாங்கைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள்.

இரண்டாவது புதன்கிழமையே பிழையாகிப்போனது. சீடர்களைப் பிடித்துச் சிறையில் போட்ட இடத்தை நான் என் வழக்கமான சின்னக் குரலில் விளக்கிக்கொண்டே போனேன். இரவிலே தேவதூதன் வந்தான், கதவைத் திறந்தான், அவர்களை வெளியே... அந்த இடத்தில் என் நாக்கு நின்றது. ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நித்திரைக்காரர்கூட ஒரு கண்ணைத் திறந்தார்.

"வெளியாலையோ?" என்றார் மோட்டார் சைக்கிள்காரர்.

"ஓம். வெளியிலே."

"பிறகு?"

"பிறகு... விடிய வந்து பார்த்தவர்கள் கதவுகள் பழையபடி பூட்டியே கிடக்கக் கண்டார்கள். காவலரும் வாசலில் நின்றார்கள். உள்ளே ஒருவரும் இல்லை."

"அடி சக்கை!" என்றார் அவர், தொழில்காரர் ஒருவர் இன்னொரு தொழில்காரரின் வேலையைப் பார்த்துச் சொல்வதுபோல.

கதவோரத்தில் காவலர் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார். பாடம் முடியும்வரை எழுதினார்.

அடுத்த கிழமை வகுப்புக்கு முதல் அத்தியட்சகர் என்னைக் கூப்பிட்டார். சிறைக்குப் பொறுப்பான பெரியவர். மெலிந்த, களைத்த முகம், மேசையில் கோப்புக் குவியல். காவலரின் அறிக்கையை எனக்கே வாசித்துக் காட்டினார்.

"மேற்படி மிஸ் அவர்கள், பூட்டிய சிறையிலிருந்து கைதிகள் வெளியேறிய விதம் பற்றிக் கைதிகளுக்கு விளக்கினார். கதவைத் திறந்தவர் வெளியாள். காவலர்கள் வாசலில் நின்றும் அறியவில்லை. தப்பியோர் மறுநாள் காலையில் பகிரங்கமாகக் காணப்பட்டனர். பாடத்தைக் கைதிகள் மிகவும் கவனமாகக் கேட்டனர்."

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "உண்மையோ, மிஸ்?"

"உண்மைதான், சேர். ஆனா அது வேதாகமத்திலை உள்ளது."

"அந்த வெளியாள் ஆர்?"

"தேவதூதன்."

அவர் அதை அறிக்கையின் ஓரத்தில் எழுதினார். "உந்தப் பாடத்திலை உப்பிடி இன்னும் எத்தினை கிடக்கு?"

"எது, சேர்?"

"உடைப்பு."

பதினேழு வருடமாக அதையே படிப்பித்து வந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

"எண்ணிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அளவுகோல் வைத்துக் கோடு கீறி ஒரு பட்டியல் தயாரித்தேன். இடம், கைதியின் பெயர், காவலின் அளவு, வெளியேறிய முறை, வெளி உதவி, முடிவு. எழுத எழுத எனக்கே திகைப்பாக இருந்தது. இரண்டு அத்தியாயத்துக்கு ஒருமுறை யாராவது உள்ளே போகிறார்கள். அல்லது வெளியே வருகிறார்கள். அல்லது கூடையில் வைத்து மதிலுக்கு வெளியே இறக்கப்படுகிறார்கள். நித்திரையில் நடப்பவள்போல இத்தனை வருடமும் இதற்குள்ளால் போய் வந்திருக்கிறேன்.

அத்தியட்சகர் பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "நில அதிர்வு பரவாயில்லை. அது இயற்கை அனர்த்தம். கூடை கொஞ்சம் யோசிக்க வேணும். தேவதூதன்தான் பிரச்சினை." கடைசியில் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து வைத்து, ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார். காவலர் இனிக் கதவோரம் இருக்கக்கூடாது. முன் வாங்கில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும்.

அப்படித்தான் அவர் என் மாணவரானார். முதல் வாங்கில், என் மூக்குக்கு நேரே, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. மூன்றாவது வரிசைக்கு அப்பால் போகாத என் குரல் முழுவதும் அவருக்கே போய்ச் சேர்ந்தது.

பேதுருவின் கதை வந்தது. ஏரோது ராஜா பேதுருவைப் பிடித்து, இரண்டு சேவகர் நடுவில் சங்கிலி போட்டுப் படுக்க வைத்திருந்தான். நாலு நாலு பேராக நாலு கூட்டம் காவல்.

"பதினாறு பேர்" என்றார் காவலர். முதல் தடவையாகக் கதைக்கிறார்.

"ஓம், பதினாறு."

"ஒரு ஆளுக்கோ?" அவர் பெருமூச்சு விட்டார். "இஞ்சை எங்களுக்கு ஆக்கள் காணாது, மிஸ்."

தேவதூதன் வந்ததையும், சங்கிலி கழன்றதையும், இரும்புக் கதவு தானாகத் திறந்ததையும், பேதுரு ஒரு வீட்டுப் படலையில் போய்த் தட்டியதையும், குரலைக் கேட்ட வேலைக்காரப் பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடியதையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். காவலர் சிரிக்கவில்லை.

"மிஸ், விடிய அந்தப் பதினாறு பேருக்கும் என்ன நடந்தது?"

நான் வேதாகமத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு வரி இருந்தது. ஏரோது தேடினான், ஆளைக் காணவில்லை, காவலரை விசாரித்தான், கொல்லச் சொன்னான். அவ்வளவுதான். அடுத்த வரியில் ஏரோது வேறு ஊருக்குப் போய்விடுகிறான்.

"கொல்லச் சொன்னான்" என்றேன்.

"பதினாறு பேரையுமோ?"

"எத்தனை பேர் எண்டு எழுதியில்லை."

காவலர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பிறகு கழற்றினார். "தேவதூதன் வந்து திறந்தா அவங்கள் என்ன செய்யிறது? அவங்களுக்கும் பிள்ளை குட்டி இருந்திருக்குமே. அந்தத் தூதன் போகேக்கை அவங்களையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே?"

கடற்றொழிலாளி, "சேர் கேக்கிறது நியாயம்" என்றார்.

அந்தக் கிழமை கல்லூரி நூலகத்தில் தடித்த விளக்கவுரைகள் நாலைந்தை இறக்கிப் பார்த்தேன். இரும்புக் கதவைப் பற்றி ஒன்றரைப் பக்கம். வேலைக்காரப் பெண்ணைப் பற்றி இரண்டு பக்கம். காவலரைப் பற்றி, ரோம வழக்கம் அப்படித்தான் என்று ஓர் அடிக்குறிப்பு. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்துக் கடந்து போயிருப்பேன்!

அடுத்த புதன் காவலர் கொப்பியில் நான்கு பக்கத்துக்கு எதிர்வாதம் எழுதிக்கொண்டு வந்தார். வேறு வழியில்லாமல் வகுப்பை நீதிமன்றமாக்கினோம். மோட்டார் சைக்கிள்காரர் ஏரோது பக்கத்துச் சட்டத்தரணி. அவருக்கு நீதிமன்ற நடைமுறை எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். காவலர், பதினாறு பேர் சார்பிலும் எழுந்து நின்றார். நான் நீதவான்.

"சங்கிலி கிடக்கு, கைதி இல்லை" என்று தொடங்கினார் மோட்டார் சைக்கிள்காரர். "உண்மையைச் சொல்லும். நித்திரை கொண்டனீர்தானே?"

"இல்லை, ஐயா" என்றார் காவலர். கேட்பவர் தன்னுடைய கைதி என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. "நித்திரை கொள்ளேல்லை."

"அப்ப வெளிச்சம் வந்ததைக் காணேல்லையோ?"

"தேவதூதன் காட்டினாத்தானே காணலாம்."

"சரி. பதினாறு பேரும் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

காவலர் இதற்காகத்தான் காத்திருந்தார். கொப்பியைப் புரட்டினார். "கனம் நீதவான் அவர்களே, காவல் நாலு முறை. ஒரு முறைக்கு நாலு பேர். ஆள் தப்பினது ஒரு முறைக்குள்ளை. அப்ப மற்றப் பன்னிரண்டு பேரும் கடமையிலையே இல்லை. வீட்டிலை படுத்திருந்தவனை எப்பிடித் தண்டிக்கிறது?"

பதினேழு வருடத்தில் நான் படித்த எந்த நூலிலும் இந்தக் கேள்வி இல்லை. பதினாறு பேரும் நிரபராதிகள் என்று தீர்ப்பளித்தேன். கைதிகள் கைதட்டினார்கள். காவலர் அதை எழுத்தில் கேட்டார். கோவையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காரனின் கதை அவருக்கு இன்னும் பிடித்தது. நிலம் அதிர்ந்து கதவெல்லாம் திறந்துபோக, கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்துச் சிறைக்காரன் தன்னையே குத்தப் போகிறான். உள்ளேயிருந்து பவுல், உனக்கொன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று கத்துகிறார்.

"ஒருத்தரும் ஓடேல்லையோ?"

"ஒருவரும் ஓடவில்லை."

"இருட்டுக்குள்ளை எண்ணினவையோ?" என்றார் காவலர். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. "நல்ல ஆக்கள், மிஸ். சோலி தராத ஆக்கள்."

ஆனால் அந்தச் சிறைக்காரன் அதே இரவில் கைதிகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுத்தான் என்றதும் அவர் துள்ளி எழுந்தார். "வீட்டையோ? ஆர் உத்தரவு குடுத்தது? வெளியிலை கொண்டுபோன நேரம் பதிஞ்சதோ?"

"சேர், எங்களை எப்ப உங்கடை வீட்டை கூட்டிக்கொண்டு போறியள்?" என்றார் மோட்டார் சைக்கிள்காரர்.

காவலர் அதை உண்மையாகவே யோசித்தார். "எங்கடை வீட்டிலை வெள்ளிக்கிழமை மரக்கறிதான்" என்றார் கடைசியில்.

இப்படியே ஐந்து மாதம் போய், நாங்கள் கப்பலுடைந்த அத்தியாயத்துக்கு வந்தோம். கைதியாகிய பவுலை நூற்றுக்கு அதிபதி ஒருவன், மாரி தொடங்கிய நேரம், இருநூற்றெழுபத்தாறு பேர் ஏறிய கப்பலில் ரோமுக்குக் கொண்டுபோகிறான். அன்று நான் இரண்டு வசனம்தான் விளக்கியிருப்பேன். கடற்றொழிலாளி எழுந்து வந்து என் கையிலிருந்த சோக்கை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"மாரி தொடங்கினாப் பிறகு இவ்வளவு சனத்தை ஏத்திக்கொண்டு ஆர் வெளிக்கிடச் சொன்னது? காத்து எங்காலை?"

"வடகிழக்கு."

"வாடைக் காத்து! விசருகள்." அவர் கரும்பலகையில் கப்பலைக் கீறினார், கரையைக் கீறினார், காற்றுக்கு அம்பு போட்டார். ஆழம் பார்த்தது இருபது பாகம், பிறகு பதினைந்து பாகம் என்றேன். சரி, கரை கிட்டுது என்றார். பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டார்கள் என்றேன்.

சோக்கு நின்றது. "பின்னாலையோ? நங்கூரம் முன்னாலையெல்லோ போடுறது. பிழையா எழுதிப்போட்டாங்கள்."

"பின்னாலை எண்டுதான் இருக்கு."

அவர் கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். விசிறி சுழன்றது. நித்திரைக்காரர் ஒரு குறட்டை விட்டு முடித்தார்.

"இல்லை, மிஸ்" என்றார் கடைசியில், மெல்லிய குரலில். "சரிதான். முன்னாலை போட்டா காத்துக்குக் கப்பல் சுத்திப்போடும். பின்னாலை போட்டா மூஞ்சை கரையைப் பாத்தபடி நிக்கும். விடிய நங்கூரத்தை அறுத்துவிட்டு நேரை கரைக்கு ஏத்தலாம். உதை எழுதினவன் அந்தக் கப்பலிலை இருந்திருக்கிறான். கேட்டு எழுதினவனுக்கு உது தெரியாது."

அதை எழுதியவர் கப்பலில் இருந்தாரா இல்லையா என்பதைப் பற்றி நான் பட்டப்படிப்புக்கு எண்பது பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். எண்பதாம் பக்கத்திலும் எனக்குத் தெளிவில்லாமலே இருந்தது.

இதற்குப் பிறகு சும்மா வாசித்து முடிக்க ஒருவரும் விடவில்லை. வாங்குகளை நீளவாக்கில் சேர்த்துக் கப்பலாக்கினார்கள். கடற்றொழிலாளி மாலுமி. மோட்டார் சைக்கிள்காரர் பவுல். நூற்றுக்கு அதிபதி வேண்டும் என்றபோது காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். "நூறு பேருக்கு அதிகாரியோ? அப்ப எனக்கு அது பதவி உயர்வு" என்று தொப்பியைக் கழற்றி யன்னலில் வைத்துவிட்டு, சப்பாத்தோடு வாங்கில் ஏறினார். எனக்கென்று பாத்திரம் மிஞ்சவில்லை. கப்பல் உடைந்தவர்கள் கரைசேர மெலித்தா என்றொரு தீவு வேண்டுமே. அதனால் நான் மேசையில் ஏறி நின்றேன்.

கடற்றொழிலாளிக்கு நடிக்கத் தெரியாது. அவர் உண்மையாகவே கத்தினார். கடலில் காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். "உடையுது! கப்பல் உடையுது! நீந்தத் தெரிஞ்சவை முதல் குதியுங்கோ! மற்றவை பலகையைப் பிடியுங்கோ!"

வாங்குகள் சரிந்தன. எல்லாரும் குதித்தார்கள். நித்திரைக்காரர் விழித்துப் பார்த்து, என்னவென்று கேட்காமலே குதித்தார்.

வெளியே நின்ற காவலர்களுக்குக் கேட்டது "உடையுது", "குதியுங்கோ" என்ற இரண்டு சொற்கள்தான். விசில் ஊதியது. மணி அடித்தது. கதவு திறந்து ஐந்தாறு பேர் தடியோடு உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் கண்டது இது. தரை முழுவதும் ஆண்கள் குப்புறப் படுத்துக் கையால் நீந்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வாங்கொன்றைக் கட்டிப்பிடித்திருந்தார். மேசைமேல் நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன், துறைமுகமாக.

உடனே எண்ணினார்கள். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு வந்தது. திருப்பி எண்ணினார்கள். எட்டுத்தான். கைதி குறைந்தால் என்ன செய்வதென்று அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது; கூடினால் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டாவது ஆள் தரையிலிருந்து தலையைத் தூக்கி, "நான்தானடாப்பா. என்ரை தொப்பி யன்னலிலை" என்றார்.

அத்தியட்சகர் முன்னால் நாங்கள் இருவரும் நின்றோம். காவலர் காற்சட்டையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டேயிருந்தார். வகுப்புக்கு அன்றோடு மூடுவிழா என்று நிச்சயமாக நினைத்தேன்.

"கைதிகள் தரையிலை கிடந்ததை விளங்குது" என்றார் அத்தியட்சகர். "கப்பல் உடைஞ்சது. சரி. நீங்கள் ஏன் மேசையிலை நிண்டனீங்கள், மிஸ்?"

"நான் தீவு, சேர்."

அவர் பேனாவை எடுத்தார். "என்ன தீவு?"

"மெலித்தா."

அதை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். எழுதி முடித்துத் தாளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து மேசை லாச்சியைத் திறந்து எதையோ தேடினார். கனநேரம் தேடினார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் பழையபடி களைத்திருந்தது, கண் மட்டும் ஈரம்.

வகுப்பு நிற்கவில்லை. வாங்குகளைத் தரையோடு ஆணி வைத்து இறுக்கினார்கள். காவலரை வாசற்கடமைக்கு மாற்றினார்கள். அவருக்குப் பதிலாக வந்த இளம் காவலர் எங்கள் கிறிஸ்தவருக்குப் பக்கத்தில் இருந்து, அவரைப்போலவே நித்திரை கொண்டார்.

வாசலில் பையைச் சோதிக்கும்போது எங்கள் காவலர் என்னிடம் அன்றைய பாடத்தைக் கேட்டுக்கொள்வார். நகவெட்டியை எழுதியபடி, "பவுல் ரோமுக்குப் போய்ச் சேந்திட்டாரோ?" என்பார். சான்றிதழ்ப் பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது, தானும் எழுதலாமோ என்று கேட்டார். நான் ஓம் என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

லீவு நாளில், வெள்ளைச் சேட்டும் புதுத் திருநீறுமாக வந்து கைதிகளோடு இருந்து மூன்று மணித்தியாலம் எழுதினார். கடற்றொழிலாளி மற்றக் கேள்விகளைத் தொடாமல் கப்பற் கேள்விக்கு மட்டும் ஏழு பக்கம் எழுதி, படமும் கீறியிருந்தார். மோட்டார் சைக்கிள்காரர் வடிவாக எழுதிச் சித்தியடைந்தார். கிறிஸ்தவர் தன் பெயரைச் சரியாக எழுதியிருந்தார். காவலர் தொண்ணூற்றொன்று. ஆதிச் சபை வரலாற்றின் மையக் கருத்து என்ன என்ற கேள்விக்கு, எல்லாக் காலத்திலும் காவற் கடமை கஷ்டமானது என்று தொடங்கி, அந்த வரலாற்றில் வருகிற காவலர் ஒவ்வொருவரையும் ஊர் ஊராகச் சொல்லி, கப்பலில் கைதிகளைக் கொல்ல விடாமல் தடுத்த நூற்றுக்கு அதிபதியே அவர்களில் சிறந்தவன் என்று முடித்திருந்தார். என் கல்லூரி மாணவர்களில் ஒருவரும் அப்படி எழுதியதில்லை.

அதிபருக்குச் சங்கடம். சான்றிதழ் கைதிகளுக்கு மட்டுமென்று விதி. படிவத்தில் கைதி இலக்கம் போட வேண்டும். "அவரை என்ன செய்யச் சொல்லுறியள், மிஸ்? ஏதும் களவெடுக்கச் சொல்லுறதோ?" என்றார்.

நான் போய்க் காவலரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "சேட்டிவிக்கற் வேண்டாம், மிஸ். புள்ளியை மட்டும் ஒரு தாளிலை எழுதித் தாங்கோ. மனுசிக்குக் காட்ட வேணும். நான் புதன்கிழமையிலை என்ன படிக்கிறன் எண்டு அவ நம்புறா இல்லை."

எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்துவிட்டு, தொண்ணூற்றொன்றை எழுத்திலும் எழுதச் சொன்னார்.

அடுத்த வருடம் கால் சுகமான போதகர் வகுப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, பருத்தித்துறை மீன் சந்தையில் பாரைக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் சபையைச் சேர்ந்த இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றார்கள். வள்ளங்கள் கரைக்கு வந்திருந்த நேரம், நல்ல சனம். பின்னாலிருந்து, காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய அந்தக் குரல் கேட்டது.

"மிஸ்! எப்பிடி இருக்கிறியள்?"

கடற்றொழிலாளி, ஒரு கையில் கூடையும் முகம் நிறையச் சிரிப்புமாக வந்துகொண்டிருந்தார். வெளியே வந்து மூன்று மாதமாம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மீன் விற்கிற பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு இவவை எப்பிடித் தெரியும்?" என்று அவரைக் கேட்டாள்.

"நாங்கள் ரெண்டுபேரும் ஆறு மாதம் ஒண்டா உள்ளை இருந்தனாங்கள்" என்றார் அவர் பெருமையாக.

சபைப் பெண்கள் இருவரும் கத்தரிக்காய் வாங்க வேண்டுமென்று உடனே நினைவு வந்தவர்களாக அந்தப் பக்கம் நடந்தார்கள். மீன்காரி காசு ஒன்றும் கேட்காமல் தட்டில் இன்னும் இரண்டு பாரையைத் தூக்கிப் போட்டாள்.